‘இதுல உங்க பங்கு என்ன?’

புதுச்சேரியில் கடைசி ஆண்டு படிக்கும் மாணவர் யாருடைய ரெஸ்யூமை வாங்கினாலும் முதல் பத்தியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சவாலான சூழலில் பணியாற்றித் தன் திறமையையும் நிறுவனத்தையும் ஒருசேர வளர்க்க விரும்புவதாக ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அதன் கீழே மதிப்பெண் பட்டியல். அதற்கும் கீழே மினி புராஜெக்ட், மெயின் புராஜெக்ட் என்று இரண்டு வரிகள். பிறகு அப்பா பெயர், மதம், தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியோடு கையெழுத்து. சீனியர் அனுப்பிய ஃபைலில் பெயரையும் போன் நம்பரையும் மாற்றி, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள் அது. லாஸ்பேட்டையில் படித்தாலும் மதகடிப்பட்டில் படித்தாலும் தாள் ஒன்றுதான்.

நேர்காணல் எடுப்பவர் அந்தத் தாளில் நின்று படிப்பது புராஜெக்ட் பற்றிய வரிகளை மட்டும்தான். ‘நூலக மேலாண்மை’, ‘ஆன்லைன் வருகைப் பதிவு’ என்று ஏதோ ஒரு தலைப்பு இருக்கும். “இதுல உங்க பங்கு என்ன?” என்று கேட்பார். அதுவரை கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த சுய அறிமுகமெல்லாம் அந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. நான்கு பேர் குழுவில் வேலை செய்தது ஒருவர். சில குழுக்களில் அந்த ஒருவரும் செய்வதில்லை. புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் புரோகிராம், ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வகுப்பும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் “ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா உங்க புரோகிராம் என்ன செய்யும்?” என்று கேட்டுவிட்டால் அந்த வகுப்பு உதவாது. சொந்தமாகச் செய்தவருக்குத்தான் பதில் தெரியும். தப்பாகச் செய்திருந்தாலும் அவரால் அதைப் பற்றிப் பேச முடியும்.

வேலைக்குத் தயாராக்கும் பயிற்சி என்ற பெயரில் நம் கல்லூரிகள் நடத்துவதில் பெரும்பகுதி, எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியது. எதைப் பற்றிப் பேசுவது என்று யாரும் கேட்பதில்லை. பேசுவதற்கு மாணவரிடம் ஒரு வேலை இருக்க வேண்டும், அதை இரண்டாம் ஆண்டிலிருந்தே அவருக்கு உண்டாக்கித்தர இந்த ஊராலேயே முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரி ஒன்றில் நடந்த மாதிரி நேர்காணலில் பார்த்தது இது. மாணவி பிசிஏ மூன்றாம் ஆண்டு. கடலோரக் குப்பத்துப் பெண். ஆங்கிலத்தில் தன் பெயர், ஊர், பள்ளி, பலம், பலவீனம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். புராஜெக்ட் பற்றிக் கேட்டதும் தலை குனிந்துவிட்டது. எதிரே இருந்த ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

“நீயா செஞ்ச வேலை ஏதாவது இருக்காம்மா?”

“அப்படி ஒண்ணும் இல்ல சார். எங்க அத்தையோட மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதிக் குடுப்பேன். அவ்ளோதான்.”

“நோட்டுல எழுதுவியா?”

“முன்னாடி நோட்டு. இப்ப எக்செல் சார். யார் எந்த மாசம் தவணை கட்டலையோ அந்தக் கட்டம் சிவப்பா மாறுற மாதிரி போட்டிருக்கேன். முன்னெல்லாம் மாசக் கூட்டத்துல சண்டை வரும். இப்ப போன்லயே காட்டிடுறாங்க.”

“இத ஏன் ரெஸ்யூம்ல போடல?”

“அது வீட்டு வேலைதானே சார்?”

ஒரு சிக்கலைப் பார்த்திருக்கிறார், தீர்வு செய்திருக்கிறார், அது மாதாமாதம் பயன்பாட்டில் இருக்கிறது. நிறுவனங்கள் தேடுவது இதைத்தான். அவர் தாளில் இருந்ததோ, அவர் செய்யாத ஒரு நூலக மேலாண்மை புராஜெக்ட். மகளிர் குழுக் கணக்கை அவருடைய ரெஸ்யூமில் இரண்டே வரியில் எழுதலாம்: எத்தனை உறுப்பினர்கள், எத்தனை மாதக் கணக்கு, எந்தப் பிழை குறைந்தது. சவாலான சூழலை விரும்புகிறேன் என்ற முதல் பத்தியை எடுத்துவிட்டால் அதற்கான இடம் கிடைத்துவிடும். அப்பா பெயரும் மதமும்கூட அந்தத் தாளில் தேவையில்லை.

ரெஸ்யூமை விட்டுவிட்டு ஊரைக் கொஞ்சம் பார்ப்போம். வேலை தேடி வெளியே போவது இந்த ஊருக்குப் பழக்கமானது. பிரெஞ்சு அரசின் 1881 ஆணையின்படி, மதமும் சாதியும் சார்ந்த தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களில் பலர் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். அங்கே குமாஸ்தா, போலீஸ், சுங்கம் என்று அரசு உத்தியோகம் பார்த்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த சொல்தாக்களின் குடும்பங்கள் பென்ஷனில் வாழ்ந்தன. ஊருக்குள்ளேயே இருந்தவர்களுக்கு மில். ரோடியர் மில்லாக 1898இல் தொடங்கிய ஏஎஃப்டி, சவானா, கெப்ளே என்று மூன்று ஆலைகளின் சங்கு ஊதினால் முதலியார்பேட்டை எழுந்துகொள்ளும். 2011 டிசம்பரில் தானே புயல் ஏஎஃப்டியை உலுக்கியது. 2020இல் ஆலையை மூடியே விட்டார்கள். சைகோனும் போய், மில்லும் போன பின், வீட்டுக்கு ஒரு அரசு வேலை என்ற ஆசைதான் மிஞ்சியது. அரசு வேலையோ ஆசைப்படுபவர்களின் எண்ணிக்கைக்கு முன் மிகக் குறைவாகவே அறிவிப்பாகிறது.

கல்லூரிகளுக்கு மட்டும் குறைவில்லை. காலாப்பட்டில் 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், அதற்கு அருகே பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரியாக இருந்து 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான வளாகம், லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியும் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிலையமும், மகாத்மா காந்தி சாலையில் பாரதிதாசன் மகளிர் கல்லூரி, இவை போகச் சுற்றிலும் தனியார் பொறியியல் கல்லூரிகள். பெரிய ஐடி நிறுவனங்கள் பேருந்தை நிறுத்துவது பெரும்பாலும் பொறியியல் வளாகங்களில். அரசுக் கலைக் கல்லூரியில் பொருளாதாரமோ வரலாறோ படிக்கிற பிள்ளைக்கு ‘கேம்பஸ்’ என்பது பக்கத்து வீட்டு விசேஷம். கோட்டக்குப்பத்தில் கால் வைத்தாலே தமிழ்நாடு. அங்குள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ என்ற திறன் வளர்ப்புத் திட்டம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் படிப்பவர்களுக்கு அது கிடையாது. ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகும் இந்த நிலைமையைப் புதுவை அரசு இன்னும் போதிய அக்கறையோடு பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

வளாகத்துக்கு நிறுவனம் வரவில்லை என்றாலும் வாசல் முழுதும் அடைபட்டுவிடவில்லை. டிசிஎஸ் நிறுவனத்தின் என்கியூடி என்ற தகுதித் தேர்வைத் தனியாகவே எழுதலாம். பிஎஸ்சி, பிசிஏ மாணவர்களுக்கென்று அந்த நிறுவனமே தனித் தேர்வு நடத்துகிறது. விப்ரோவின் ‘வில்ப்’ திட்டத்தில் சேர்ந்தால் வேலை பார்த்துக்கொண்டே எம்டெக் படிக்கலாம். 60 மாத ஒப்பந்தம் உண்டு என்பதை வீட்டில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எச்சிஎல்லின் டெக்பீ, ஜோஹோ பள்ளி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் ஒன்றுக்கு மேல் கூடாது என்பது பெரிய நிறுவனங்களின் வழக்கமான நிபந்தனை. இதைக் கடைசி ஆண்டில் கேள்விப்பட்டு என்ன பயன்? முதல் செமஸ்டரிலேயே ஒவ்வொரு வகுப்பின் கரும்பலகையிலும் எழுதி வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

தேர்வுக்கு வருவோம். ஆப்டிட்யூட் என்று பயமுறுத்தும் பகுதியில் இருப்பது பெரும்பாலும் எட்டாம் வகுப்புக் கணக்கு: சதவீதம், லாபநட்டம், வேகமும் தூரமும், வேலையும் நாட்களும். சிரமம் கணக்கில் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று என்று பின்னங்களைக் கூட்டத் தொடங்கினால் ஒரு நிமிடம் போய்விடும். இரண்டுக்கும் பொதுவான 36ஐ மொத்த வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஒரு நாளில் 3 பங்கு, அடுத்தவர் 2 பங்கு. சேர்ந்தால் 5. முப்பத்தாறை ஐந்தால் வகுத்தால் 7.2 நாள். மனத்திலேயே முடிந்துவிடுகிறது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது. நாளுக்கு அரை மணி நேரம், நான்கு மாதம் உட்கார்ந்தால் போதும். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சிக்கும் படிக்கிற பிள்ளைகள் போடுவதும் இதே கணக்குகளைத்தான். ‘நான் கவர்மென்ட் எக்ஸாமுக்குப் படிக்கிறேன், பிரைவேட் கம்பெனி எனக்கு வேண்டாம்’ என்று இரண்டையும் தனித்தனி உலகமாகப் பிரிப்பவர்கள் இதை யோசிக்கலாம். ஒரே உழைப்புக்கு இரண்டு வாசல்.

ஆங்கிலம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தான் செய்த வேலையை முதலில் தமிழில் ஐந்து நிமிடம் தடங்கலின்றிச் சொல்லிப் பழகியவர், அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்ல ஒரு மாதத்தில் பழகிவிடுகிறார். சரக்கே இல்லாமல் மொழியை மட்டும் பழகுவதுதான் கஷ்டம். பிரெஞ்சு விஷயம் வேறு. பள்ளியிலும் கல்லூரியிலும் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். ஆனால் ரெஸ்யூமில் ‘தெரிந்த மொழிகள்’ வரிசையின் கடைசியில் ஒரு சொல்லாக அது கிடக்கிறது. 1889 முதல் இங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் மையத்தில் பிரெஞ்சு படித்து, டெல்ஃப் தேர்வில் பி2 நிலை வரை தேறிவிட்டால், பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைகள், கணக்கு வேலைகள், மொழிபெயர்ப்பு என்று சென்னையிலும் பெங்களூரிலும் தனிச் சந்தை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கும் இவ்வளவு எளிதில் கிடைக்காத தகுதி அது.

இந்த ஊரின் இன்னொரு துறையும் மாணவர் கண்ணில் சரியாகப் படவில்லை. மிஷன் அச்சகம், ஆசிரம அச்சகம் என்று அச்சுக்கலைக்குப் பேர்போன ஊர் புதுவை. அந்தத் தொடர்ச்சியோ என்னவோ, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்களையும் ஆய்விதழ்களையும் பிழை திருத்தி, பக்கம் அமைத்து, மின்னூலாக்கிக் கொடுக்கும் தொழில் முப்பது ஆண்டுகளாக இங்கே வேரூன்றியிருக்கிறது. 1994இல் தொடங்கிய இன்டெக்ரா அவற்றில் பெரியது. ஆங்கில இலக்கியம் படித்தவர் காப்பி எடிட்டராகலாம். தாவரவியல் படித்தவருக்கு அறிவியல் நூல்களின் மெய்ப்பு பார்ப்பதில் தனி மதிப்பு. கணினி படித்தவருக்கு எக்ஸ்எம்எல். கலைக் கல்லூரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த வேலையைப் பற்றி இலக்கிய வகுப்பில் ஒரு மணி நேரம்கூடப் பேசப்படுவதில்லை. கல்லூரி ஆண்டுமலரை மாணவர்களே மெய்ப்புப் பார்த்து, பக்கம் அமைத்து வெளியிட்டால், நேர்காணலில் காட்ட அச்சிட்ட புத்தகமே கையில் இருக்கும்.

இன்டர்ன்ஷிப் விஷயத்துக்கு நேரே வருகிறேன், ஏனென்றால் நான் மிகவும் நம்புவது இதைத்தான். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரையறையில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதை நிரப்ப மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? பணம் கட்டி ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்குகிறார்கள், அல்லது தெரிந்தவர் கடையின் லெட்டர்பேடில் எழுதி வாங்கிவருகிறார்கள். கல்லூரியும் வாங்கி வைத்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள் இங்கிருந்து பேருந்து தூரம். திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் ஆலை இருக்கிறது. லெனோவோ கணினி இந்தப் பகுதியில்தான் தயாராகிறது. இவற்றின் ஸ்டோர்ஸில் இருபது நாள் உட்கார்ந்து சரக்கு வரவு செலவைப் பார்த்த பிகாம் மாணவருக்கு, ‘இன்வென்டரி’ பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாத நூறு விஷயம் தெரிந்திருக்கும்.

படிப்பு முடிந்தவர்களுக்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு தொழில்பழகுநர் சட்டம் ஐடிஐக்காரர்களுக்கு மட்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தேசியத் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டம் தனியே இருக்கிறது. கலை, அறிவியல், வணிகவியல் பட்டமும் செல்லும். தென்னகத்துக்கான தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது, புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வருகிறது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று அந்த விதிகள் நிர்ணயித்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஓராண்டு முடிந்தால் அரசுச் சான்றிதழ். கல்லூரி முதல்வர் ஒருவர், தன் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளின் பெயரைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் மனிதவள அதிகாரிக்கும் ‘உங்கள் கணக்கில் எத்தனை இடம் காலி?’ என்று கடிதம் எழுதலாம். சட்டம் கேட்கச் சொல்வதைக் கேட்பதில் தயக்கம் எதற்கு?

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் அனுபவமும் உள்ளூரைத்தான் சுட்டுகிறது. 2024 அக்டோபரில் முன்னோட்டமாக வந்த அந்தத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய். முதல் சுற்றில் 82,000க்கு மேல் வாய்ப்புக் கடிதங்கள் போயின. ஏற்றவர்கள் 28,000 சொச்சம். உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் 9,000க்கும் குறைவு. இடம் தொலைவு, காலம் நீளம், வேலை பிடிக்கவில்லை என்பவை காரணங்களாக அரசே சொன்னவை. ஐயாயிரம் ரூபாயில் வேறு ஊரில் அறை எடுத்துச் சாப்பிட முடியுமா என்று புதுவையில் எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் முன்பே சொல்லியிருப்பார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தொலைவு இன்னும் பெரிதாகிறது. சென்னைக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். ஆனால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் சம்பளத்தில் சோழிங்கநல்லூரில் தங்கும் விடுதிக்கே மாதம் ஏழெட்டாயிரம் போய்விடும் என்றால், ‘உள்ளூர்லயே பாரும்மா’ என்று அப்பா சொல்வதில் நியாயம் தெரிகிறது. பிள்ளைக்கு வேலை கிடைத்த பின் மல்லுக்கட்டுவதைவிட, பெற்றோரைக் கல்லூரிக்கு முன்பே அழைத்து, சென்னையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவிகள் இரண்டு பேரைப் பேசவைத்தால் பாதிப் பயம் போய்விடும். தாகூர் கல்லூரியிலும் பாரதிதாசன் கல்லூரியிலும் படித்து வெளியே போனவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்களின் பெயர்ப் பட்டியலைத் துறை வாரியாகத் தொகுக்க ஒரு பேராசிரியரும் பத்து மாணவர்களும் ஒரு விடுமுறையும் போதும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. வேலைக்கென்று முன்பணம் கேட்பவரைக் கண்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிட வேண்டும். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வெளிநாடு என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள்.

உண்மையான ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. இன்ஃபோசிஸில் 2022ஆம் ஆண்டு தேர்வான சுமார் 2,000 பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியில் சேரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். சேர்ந்த பின், 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் உள் தேர்வுகளில் தேறவில்லை என்று 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். ஆகவே கடிதம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். இடைப்பட்ட மாதங்களில் பழகுநர் பயிற்சியோ வேறு வேலையோ பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பேனர் வைத்து வாழ்த்திய கல்லூரியும், அந்தப் பேனரில் இருந்தவர்களில் எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள் என்று அடுத்த ஆண்டு கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

நேர்காணலின் முடிவில் “எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்பார்கள். ‘நத்திங் சார்’ என்று எழுந்து வருகிறார்கள் நம் பிள்ளைகள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். வேலை நேரத்தைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்கத் தயங்கக் கூடாது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், இரவில் கம்பெனி வண்டி வீடுவரை வருமா, பயிற்சிக் காலத்தில் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, பாண்ட் உண்டென்றால் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலை வாய்மொழியாகச் சொன்னால் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள். வைத்துவிட்டுப் போகச் சொன்னால் நகல் கொடுத்துவிட்டு ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள்.